குண்டூசி வரைபடம்

சிவப்புக் குண்டூசி தீர்ந்துபோயிற்று.
சூரமங்கலத்துக் கடையில் பச்சைதான் இருந்தது,
டப்பா பதினெட்டு ரூபாய்.
ஆகவே இந்த மாதம்
எங்கள் சரகத்து வழிப்பறியெல்லாம் பச்சை.

நாளைக்கு ஆய்வுக் கூட்டம்.
வரைபடத்தைச் சுவரிலிருந்து இறக்கி
மேசையில் விரித்திருக்கிறேன்.
மேட்டூர் போகிற தண்டவாளம் ஒரு கறுப்புக் கோடு,
இரும்பாலை ரோடு ஒரு சிவப்புக் கோடு,
நடுவில் புதுசாய் முளைத்த நகர்கள் எல்லாம்
வரைபடத்தில் இன்னும் சோளக்காடு.
சோளக்காட்டில்தான் குத்துகிறேன்
பூட்டியிருந்த வீடுகளை.

ஏற்காட்டுக்குக் குடும்பத்தோடு போன ஞாயிற்றுக்கிழமை மூன்று.
குலதெய்வத்துக்குக் கிடாவெட்டப் போன அன்று ஒன்று.
அந்த வீட்டில் பீரோவைத் தொடவேயில்லை.
குக்கரையும் மிக்ஸியையும் கட்டி எடுத்து,
ஃப்ரிட்ஜில் இருந்த தயிரைக் குடித்துவிட்டு,
கிண்ணத்தைக் கழுவி வைத்துப் போயிருந்தான்.
தயிரை மகஜரில் சேர்க்கவா என்று கேட்டேன்.
இன்ஸ்பெக்டர் சிரித்தார்.
சேர்க்கவில்லை.

போன வருஷத்தைவிட எட்டு குறைவு
என்று நாளைக்கு வாசிப்பார்கள்.
அந்த எட்டையும் எனக்குத் தெரியும்.
என் கையெழுத்தில்தான் குறைந்தன.

பிகாஷ் நாயக், இருபத்திரண்டு வயது,
ஜவ்வரிசி ஆலையில் மூட்டை தூக்குகிற பையன்.
ரயில்வே கேட் அருகே
வண்டியில் வந்த ரெண்டு பேர்
போனை எப்படிப் பிடுங்கினார்கள் என்று
என் மேசையில் இருந்த ஸ்டேப்ளரைப் பிடுங்கிக் காட்டினான்.
தமிழ் அவ்வளவாக வரவில்லை.
'பறித்துச் சென்றனர்' என்று எழுதினால்
வழக்கு, எண், குண்டூசி,
கூட்டத்தில் ஒரு கேள்வி.
'தவறவிட்டார்' என்று எழுதினால்
ஒரு ரசீது.
சொன்னபடி எழுதினேன்.
படித்துக் காட்டியபோது தலையாட்டினான்.
ஒரு வினைச்சொல்லை மாற்றிப்போட்டால்
ஒரு தெரு பத்திரமாகிவிடுகிறது.

மாவு அரைத்து விற்கிற செல்லாயி மட்டும்
ரசீதைத் திருப்பி நீட்டினார்.
"நான் தவறவிடலைங்க.
காதைப் பாருங்க."
கிழிந்திருந்தது.
டப்பாவில் கடைசியாக இருந்த சிவப்பு
அவருடையது.

மதியம் தர்மபுரியிலிருந்து ஒரு போன்.
மகளை இங்கே கல்லூரியில் சேர்த்திருக்கிறாராம்,
மாடிப் போர்ஷன் ஒன்று அமைந்திருக்கிறதாம்.
"ஏரியா எப்படிங்க மேடம், பயமில்லையே?"
எட்டு குறைவு என்பது
நாக்கு நுனி வரைக்கும் வந்தது.
"அட்வான்ஸ் கொடுக்கறதுக்கு முந்தி
ராத்திரி ஒருதரம் வந்து
தெருவிளக்கு எரியுதான்னு பாருங்க."
போலீஸ் ஸ்டேஷனில் இப்படியா சொல்வார்கள்?
கொஞ்ச நேரம் சத்தமில்லை.
பிறகு நன்றி என்றார்.

பத்தே முக்காலுக்குச் சீருடையை மடித்துப் பையில் வைத்து
சுடிதாரில் இறங்கினேன்.
வண்டி பஞ்சர். நடைதான்.
எங்கள் தெருவில் பதினாலாம் நம்பர் கம்பம்
பதினோரு நாளாய் எரியவில்லை.
மாநகராட்சிக்குப் புகார் கொடுத்திருந்தேன்.
நேற்று பதில் வந்தது:
சரிசெய்யப்பட்டது.
அந்தச் செய்தியைத் திறந்து
அதன் வெளிச்சத்தில் சாக்கடைப் பலகையைத் தாண்டினேன்.
அங்கேயும் ஒருத்தி உட்கார்ந்து
சொன்னபடி எழுதுகிறாள்.

பின்னால் ஒரு பைக் மெதுவானது.
இருபத்தோரு வருஷ சர்வீஸ்,
பரேடு, லத்தி, துப்பாக்கிப் பயிற்சி
எல்லாவற்றையும் முந்திக்கொண்டு
கை கழுத்துக்குப் போயிற்று.

"அக்கா, வைரம் நகர் நாலாவது கிராஸ் எதுங்க?"

முதுகில் சாப்பாட்டுப் பெட்டி,
பரோட்டா வாசனை.
வழி காட்டினேன்,
இடது கையால்.

வலது கை இறங்க
இன்னும் ரெண்டு வீடு ஆனது.